ஜிஸ்லேனின் மூன்றாவது விமானம்

தொமினிக் வருகிறான் என்று தந்தி வந்தபோது விமானம் கூடத்து உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கையின் அடிப்பக்கத்தில் அடித்திருந்த வார்னிஷ் இன்னும் காயவில்லை. ஜிஸ்லேன் தந்தியைப் படித்தாள், மேசைமேல் வைத்தாள், மறுபடி எடுத்துப் படித்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். சமையற்கட்டுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கூடத்துக்கு வந்து விமானத்துக்கு அடியில் நின்றாள்.

"தம்பி வருதா?" என்றாள் லுயீஸ். அவள் ஜிஸ்லேனின் புருஷன் தொமினிக்கின் அக்கா. தன் புருஷன் செத்தபிறகு அவனுடைய பிரெஞ்சு பென்ஷனோடு தம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டவள்.

"ஆகஸ்ட் மொதல் வாரம் வர்றாராம் அண்ணி."

லுயீஸ் மோவாயை மேலே உயர்த்தி விமானத்தைக் காட்டினாள். "இதுக்கு என்னா சொல்லப் போற?"

ஜிஸ்லேன் இறக்கையை எட்டித் தொட்டு வார்னிஷ் காய்ந்ததா என்று பார்த்தாள். அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கேட்டு அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தெட்டில் லீவுக்கு வந்தபோது தொமினிக் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்தவன். மார்செய் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஒரு ஆள் கையில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு நின்றானாம். வானத்தில் ஒரு குட்டி விமானம் அவன் விரலசைவுக்குக் கரணம் போட்டதாம், மீன் மாதிரிப் புரண்டதாம், மல்லாந்தபடியே பறந்ததாம். தொமினிக் சாப்பாட்டை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அடுத்த மாதச் சம்பளம் முழுக்க அந்தப் பெட்டிக்குப் போயிற்று. உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எஞ்சின், வானொலிக் கருவி இரண்டு, கையில் எடுத்தால் எடையே தெரியாத மரப்பலகைகள், மடித்து வைத்த பெரிய வரைபடம். அந்த லீவில் அவனால் ஒரு இறக்கையைத்தான் முடிக்க முடிந்தது. அல்ஜீரியாவில் நடந்த சண்டைக்குக் கிளம்பும்போது பெட்டியை மூடி, "யாரும் தொடாதீங்க. நான் வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜிஸ்லேன் பிறந்து வளர்ந்தது சைகோனில். அப்பாவுக்கு அங்கே சர்க்கார் உத்தியோகம். டிராம் வண்டியும் துறைமுகமும் இரைச்சலுமாக வளர்ந்தவளுக்குக் கல்யாணமாகி வந்த புதுச்சேரி காலை பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. பூசைக்குப் போவாள், மார்க்கெட்டுக்குப் போவாள், கடற்கரையில் ஒரு நடை நடப்பாள். சம்பா கோயில் தெருவுக்குத் திரும்பினால் மீதி நாள் அப்படியே கிடக்கும். பிள்ளை இல்லை. கன்னியர் மடத்துக்காகப் பூவேலை செய்வாள். சாயங்காலம் போட்ட தையலை மறுநாள் காலை பிரிப்பாள். அவர் வந்ததும் கிளம்பிவிடலாம், பிரான்சில் தூலோனோ மார்செயோ எங்கேயாவது, என்று ஒரே நினைப்பு. அந்த நினைப்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் கூடத்தில் நடப்பது? ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"இன்னொரு றெக்கையையும் முடிச்சு வெச்சா அவருக்கு வேலை மிச்சந்தானே அண்ணி" என்றாள்.

லுயீஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

இறக்கை முடிந்தது. உடல் முடிந்தது. வால் முடிந்தது. வானொலிக் கருவி மட்டும் பிடிபடவில்லை. அதை எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்பில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சக்கரபாணியிடம் போனாள். அவன் மூடியைக் கழற்றி ரொம்ப நேரம் பார்த்தான். ஒவ்வொரு விசையையும் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். அப்புறம் சிரித்தான்.

"மதாம், இது ஆர்மோனியம்."

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. விமானத்துக்குள் வைக்கிற கருவியில் சின்னச் சின்ன எஃகு நாக்குகள் வரிசையாக இருந்தன. கையில் இருக்கிற டப்பாவில் ஒரு விசையைத் தட்டினால் ஒரு சுருதி கிளம்பும். அந்தச் சுருதிக்கு உரிய நாக்கு மட்டும் அதிரும். அது அதிர்ந்தால் வால் அசையும், இல்லை இறக்கையின் ஓரம் அசையும், இல்லை எஞ்சின் கூடும் குறையும். ஒரே ஒரு தொல்லை. சூடு ஏறினால் சுருதி கலைந்துவிடும். "காலையிலயே வேலைய முடிச்சிடணும் மதாம். வெயிலு வந்துட்டா இது யார் பேச்சையும் கேக்காது" என்றான் சக்கரபாணி. வயர்லெஸ் லைசென்ஸுக்கும் அவனே கடைப் பேரில் அலைந்து வாங்கினான். அவனுக்கும் அந்தப் பெட்டி பிடித்துப்போய்விட்டது.

கோடையில் ஊசுடு ஏரி வற்றினால் நடுவில் கட்டாந்தரையாகக் கிடக்கும். அங்கேதான் போனார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தி வேறொரு ஆம்பளையோடு ஏரிப்பக்கம் போனால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் சக்கரபாணியின் மனைவி அன்னக்கிளியும் கூட வந்தாள். முதல் நாள் ஊர் வாய்க்காக வந்தவள், இரண்டாம் நாளிலிருந்து தனக்காகவே வந்தாள். எஞ்சின் அலறும்போது விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. எஞ்சினுக்கு ஊற்றுகிற, விளக்கெண்ணெய் கலந்த ஸ்பிரிட் அவள் புடவையெல்லாம் தெறிக்கும். "வூட்டுக்குப் போனா மாமியாரு பிரசவம் பாத்துட்டு வந்தியான்னு கேக்குறாங்கக்கா" என்று சிரிப்பாள்.

முதல் விமானம் மேலே ஏறின வேகத்திலேயே மூக்குக் குத்தி விழுந்தது. தொமினிக் பார்த்துப் பார்த்துச் செய்த இறக்கை தீப்பெட்டிக் குச்சிகளாகச் சிதறிக் கிடந்தது. அன்னக்கிளி அழுதேவிட்டாள். ஜிஸ்லேன் அழவில்லை. எஞ்சினையும் கருவியையும் முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கே உட்கார்ந்து மூங்கிலைச் சீவ ஆரம்பித்தாள். அந்த எடையில்லாத மரம் இந்தப் பக்கம் கிடைக்காது. மூங்கில் சிம்பு, பொங்கலுக்கு மாலை கட்டுகிற நெட்டி, அதன்மேல் சைகோனிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பட்டுத்துணி. இரண்டாவது விமானம் கொஞ்சம் கனம். அதுவும் போயிற்று. விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். அந்த ஒரு நொடிக் குழப்பத்தில் வரப்பில் மோதியது.

மூன்றாவதைக் கட்டுவதற்கு முன் அவள் நாள்கணக்கில் கூடத்தில் நடந்தாள். தானே விமானமாகக் கைகளை விரித்துக்கொண்டு சுவர்க் கண்ணாடியை நோக்கி வந்தாள். கடைசியில் ஒரு வழி தெரிந்தது. வலது இடது என்று யோசிக்கவே கூடாது. எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து விசையைத் தட்டினால் போதும், அது நிமிர்ந்துவிடும். அதற்கப்புறம் மூன்றாவது விமானம் விழவே இல்லை. வட்டம் போட்டது. செங்குத்தாக ஏறி, மல்லாந்து, இறங்கி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் உருண்டது. போன கோடையில் மல்லாந்தபடியே ஏரியின் நீளத்துக்கும் பறந்தது. மல்லாந்து பறக்கும்போது ஏறவேண்டுமென்றால் இறக்குகிற விசையைத் தட்டவேண்டும். பயந்துபோய்ப் பழக்கத்தில் கை மாறினால் தரைதான். அந்த நேரத்தில் மட்டும் ஜிஸ்லேனுக்கு உடம்பில் எந்தப் பரபரப்பும் இருக்காது. எஞ்சின் நின்றதும் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இது எதையும் அவள் தொமினிக்குக்கு எழுதவில்லை. பெட்டி பத்திரமா என்று அவன் எழுதுவான். பத்திரம் என்று எழுதுவாள்.

அவன் வந்த அன்று விமானத்தைச் சக்கரபாணி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று விடியற்காலையிலிருந்து யோசித்தாள். இரண்டு தரம் கயிற்றை அவிழ்த்து இரண்டு தரம் கட்டினாள். கடைசியில் அது உத்தரத்திலேயே இருந்தது.

தொமினிக் மெலிந்து கறுத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டான். ஜிஸ்லேனின் கையைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தவன் அண்ணாந்து பார்த்தான். பிடித்திருந்த கை தளர்ந்தது.

"யாரு செஞ்சது?"

"நாந்தாங்க."

"என் பெட்டி?"

"அதுல செஞ்சது ஒடஞ்சிடுச்சு. அப்புறம் ஒண்ணு, அதுவும் ஒடஞ்சிடுச்சு. இது மூணாவது. எஞ்சினும் ரேடியோவும் உங்களோடதுதான்." ஒரே மூச்சில் சொன்னாள். "எழுதியிருக்கணும். பயமா இருந்துச்சு."

அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ முற்றத்தில் கிடந்த சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்து, "காப்பி இருக்கா?" என்றான்.

அந்த நாற்காலியிலேயே அவன் நாட்கள் போயின. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அந்த மாதம்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: நீங்க இருக்கப் போறீங்களா, போகப் போறீங்களா? பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா? பாதி வீடுகளில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள், மீதி வீடுகளில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொமினிக்குக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்திருந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டால் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கலாம். போடாவிட்டால் பென்ஷன்.

ஒருநாள் அவனோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் பார்க்க வந்தார். ஜிஸ்லேன் உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா தொமினிக், திரும்பக் கையெழுத்துப் போடறியா?"

"இல்ல. போதும். இனிமே இங்கதான். எங்கயும் போறதா இல்ல."

எண்ணெயில் கிடந்த வடை கருகியது. நாலு வருஷமாக யாருக்காகக் காத்திருந்தாளோ அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வந்தவரிடம் முடிவைச் சொல்லிவிட்டான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கடற்கரையில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாள். திரும்பி வந்தபோது வந்தவர் போயிருந்தார். லுயீஸ் கருகாத வடையாகப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜிஸ்லேன் நேராக முற்றத்துக்குப் போனாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

தொமினிக் அண்ணாந்து பார்த்தான். "நீயும் எங்கிட்ட சொல்லலியே" என்றான். கண்களால் உத்தரத்தைக் காட்டினான். அப்புறம், "பறக்குதா அது?" என்று கேட்டான்.

"பறக்கும்."

"ஞாயித்துக்கிழமை காட்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் கிளம்ப முடிந்தது. சக்கரபாணியும் அன்னக்கிளியும் ஏரியில் காத்திருந்தார்கள். வெயில் தோளில் இறங்க ஆரம்பித்திருந்தது. சக்கரபாணி கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு தரம் விடலாம் மதாம். சீக்கிரமா எறக்கிடுங்க" என்றான்.

எஞ்சின் பிடித்தது. அன்னக்கிளி வாலை விட்டாள். விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி எழும்பியது. ஜிஸ்லேனுக்கு அன்று கை நிதானமாக இல்லை. கோபம் விரல் நுனியில் இருந்தது. செங்குத்தாக ஏற்றினாள், கரணம் போட வைத்தாள், இரண்டு தரம் உருட்டினாள். தொமினிக் கண்ணுக்கு மேல் கையை வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும் என்று நினைத்தாள். நன்றாகவே பார்க்கட்டும். விமானத்தை ஏரியின் மறுகோடிக்குக் கொண்டுபோய்த் திருப்பி, மல்லாத்தி, தாழ்த்தி, முழு வேகத்தில் அவர்களை நோக்கிக் கொண்டுவந்தாள். அலறிக்கொண்டு தலைக்குமேல் பாய்ந்து போயிற்று.

தொமினிக் தரையில் கிடந்தான். முகம் மண்ணில் பதிந்திருந்தது. இரண்டு கைகளும் பிடரியை மூடியிருந்தன.

சக்கரபாணி சிரித்தான். வேடிக்கைக்குப் படுத்தான் என்று நினைத்துவிட்டான். தொமினிக் எழுந்திருக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜிஸ்லேன் எப்படி விமானத்தைத் தரையிறக்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. டப்பாவை அன்னக்கிளியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. உதட்டில் மண்.

"என்னங்க..."

"ஒண்ணுமில்ல." சட்டையைத் தட்டிக்கொண்டான். யாரையும் பார்க்கவில்லை. "எங்கிட்ட குடு. நான் ஓட்டறேன்."

"வெயிலு ஏறிடுச்சு முசியே" என்றான் சக்கரபாணி. "சுருதி நிக்காது. நாளைக்குக் காலையில—"

"என்னோட ரேடியோ. என்னோட எஞ்சின். குடு."

அன்னக்கிளி ஜிஸ்லேனைப் பார்த்தாள். ஜிஸ்லேன் டப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். தானே தொட்டியை நிரப்பினாள், தானே எஞ்சினைச் சுற்றிவிட்டாள், தானே மேலே ஏற்றி நேராக்கி அவன் கையில் டப்பாவைக் கொடுத்தாள். "நம்ம பக்கம் வரும்போது எந்த றெக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் தட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவன் தட்டினான். விமானம் திரும்பியது. ஒரு பெரிய வட்டம். இன்னொன்று. நன்றாகவே ஓட்டினான். அவன் முகத்தை ஜிஸ்லேன் பக்கத்திலிருந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கணம் அவளுக்குக் கோபமெல்லாம் போய், இதை நாம் அவனுக்கு முன்னால் அனுபவித்துவிட்டோமே என்றிருந்தது.

மூன்றாவது வட்டத்தில் விமானம் திரும்பவில்லை.

அவன் தட்டினான். மறுபடி தட்டினான். சக்கரபாணி ஓடிவந்து திருகைத் திருப்பிப் பார்த்தான், ஏரியலை உயர்த்திப் பிடித்தான். ஒன்றும் பலனில்லை. விமானம் தன் இஷ்டத்துக்கு அகல அகலமாக வட்டமிட்டபடி, தென்மேற்குக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்தது. தொட்டி நிறைய எண்ணெய். பனைமரங்களுக்குமேல் ஒரு புள்ளியாகி, புள்ளியும் போய், சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டது.

"போச்சு" என்றான் தொமினிக்.

சக்கரபாணியும் அன்னக்கிளியும் சைக்கிளில் பத்துக்கண்ணு ரோட்டுப் பக்கம் போனார்கள். ஜிஸ்லேனும் தொமினிக்கும் வயல்வழியாக நடந்தார்கள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டார்கள். ஆடு மேய்த்த ஒருவர் சேதராப்பட்டுப் பக்கம் கையைக் காட்டினார். கிணற்றில் துணி துவைத்த பெண்கள், பெரிய வண்டு மாதிரி ஒன்று போனது என்றார்கள்.

செருப்பில் மண் ஏறி ஏறி உதிர்ந்தது. தொமினிக்தான் முதலில் பேசினான்.

"அல்ஜீரியாவுல எங்க தலைமேல வந்தது நம்மாளுங்க விமானந்தான். எதிர்த்துச் சண்டை போட்டவங்ககிட்ட ஏது விமானம்? ஆனா மேல இருக்கறவனுக்குக் கீழ இருக்கறது யாருன்னு தெரியாது. சத்தம் கேட்டா மொதல்ல படுக்கணும், அப்புறந்தான் யாருன்னு பாக்கணும். ஒரு நாளு எல்லாரும் படுத்தோம். ரெண்டு பேரு எழுந்திருக்கல."

ஜிஸ்லேன் நின்றுவிட்டாள்.

"நட" என்றான். "நின்னா என்னால பேச முடியாது."

நடந்தார்கள்.

"காவல் நிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியத்தான் நெனச்சிக்கிட்டிருப்பேன். இன்னிக்கு வாலு ஒட்டுறேன், நாளைக்கு துணி போடறேன்னு மனசுக்குள்ளயே கட்டிக்கிட்டிருப்பேன். வந்து மேல பாத்தா, அது முடிஞ்சு தொங்குது. எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

"நானும் நாலு வருஷம் அந்தப் பெட்டி பக்கத்துலதாங்க இருந்தேன்" என்றாள் ஜிஸ்லேன். "நீங்க போன எடமெல்லாம் வேணாம்னு திரும்பி வந்திருக்கீங்க. நான் எங்கயுமே போகல. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தரை தேஞ்சு போச்சு. இதத் தொடாம இருந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். நீங்க வந்து உக்காந்துக்கிட்டு, இனிமே இங்கதான்னு வர்றவங்க போறவங்ககிட்ட சொல்றீங்க."

"எனக்கு உக்காரணும் ஜிஸ்லேன்."

"எனக்கு உக்காந்தது போதும்."

இரண்டுபேரும் சொன்னது உண்மையாக இருந்தது.

சேதராப்பட்டு எல்லையில் வேர்க்கடலை போட்ட ஒரு மணிலாக்கொல்லை. கொல்லை ஓரத்து வேப்பமரத்தில் விமானம் கட்டிப் போட்டிருந்தது. மாட்டுக் கயிற்றால், மூக்கிலும் வாலிலும் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு இறக்கை நடுவில் முறிந்து பட்டுத்துணியில் தொங்கியது. பக்கத்தில் களைக்கொட்டோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெயர் கன்னியம்மாள் என்று பிற்பாடு தெரிந்தது.

"உங்களுதா? கொல்லையில வந்து வுழுந்துச்சு. கத்திக்கினே கெடந்துச்சு, அப்புறம் தானா அடங்கிடுச்சு. மறுபடியும் கெளம்பிடப் போவுதுன்னு கட்டி வெச்சேன்." விமானத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "உள்ள ஆளு அடிபட்டுக் கெடக்கானான்னு பாத்தேன். யாரையுங் காணோம்."

ஜிஸ்லேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. கன்னியம்மாள் தொமினிக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் ஓட்டுனியா?"

"நான் தவற வுட்டேன்" என்றான் தொமினிக். "ஓட்டறவ இவதான். மல்லாக்கப் போட்டுக்கூட ஓட்டுவா."

"பொம்பளையா?" கன்னியம்மாள் எழுந்து ஜிஸ்லேன் அருகில் வந்தாள். அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எஞ்சினைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டு விழுந்த வெட்டுத் தழும்புகள் இருந்தன. "எங்கூட்டு ஆளு வண்டி மாட்டக்கூட எங்கையில குடுத்ததில்ல" என்றாள். பிறகு குடிசைக்குப் போய் மோர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள். கயிற்றை மட்டும் அவர்கள் மோரைக் குடித்து முடிக்கும்வரை அவிழ்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது விமானத்தைத் தொமினிக்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். முறிந்த இடத்தில் மூங்கிலும் நெட்டியும் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். "நெட்டியா?" என்று ஒருமுறை கேட்டான். "நெட்டிதான்" என்றாள்.

அந்த இறக்கையை அவன்தான் சரிசெய்தான். நாற்காலியை முற்றத்திலிருந்து கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டுக்கொண்டான். கை சிலசமயம் நடுங்கும். அப்போது பிசினைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பான். ஜிஸ்லேன் துணி போர்த்தினாள். செப்டம்பர் முழுக்க விடிந்ததும் ஏரிக்குப் போனார்கள். எஞ்சின் கத்தும்போது அவன் கொஞ்சம் தள்ளிக் கரைமேல் உட்கார்ந்துகொள்வான். அவளும் அந்தப் பக்கம் தாழ்த்தி ஓட்டுவதில்லை. சிலநாள் அவன் டப்பாவை வாங்கி நாலு வட்டம் போடுவான். அன்னக்கிளியும் கேட்டு வாங்கினாள். அவள் முதல் நாளே பயப்படாமல் உருட்டிப் பார்த்தாள். கையெழுத்துப் போடுவதைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. லுயீஸ்கூட.

அக்டோபரில் சீனாச் சண்டை வந்தது. தனியார் யாரும் வயர்லெஸ் இயக்கக் கூடாது என்று உத்தரவு. சக்கரபாணி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, டப்பாவைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைத்தான். அதே வாரம் மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் ஏறியது. விமானம் மறுபடி உத்தரத்துக்குப் போயிற்று.

ஜிஸ்லேன் கூடத்தில் நடக்க ஆரம்பித்தாள். ஆனால் இந்தத் தடவை அவளுக்கு இடம் போதவில்லை. தொமினிக்கும் நடந்துகொண்டிருந்தான். இறக்கை வேலை முடிந்ததும் அவனுக்கு நாற்காலி கசந்துவிட்டது. எல்லாக் கதவுகளின் கீலையும் கழற்றி எண்ணெய் போட்டான். ஓடு மாற்றினான். கிணற்று ராட்டினத்தைப் பிரித்துப்போட்டான். செய்ய வீட்டில் ஒன்றும் மிஞ்சாமல் போனதும் மழையிலேயே வெளியே போக ஆரம்பித்தான். "ரெண்டு பேரும் கூண்டுல போட்ட நரி மாதிரி சுத்துறீங்க. எனக்குத் தலை சுத்துது, எங்கயாவது போய்த் தொலைங்களேன்" என்றாள் லுயீஸ்.

நவம்பரில் ஒரு மத்தியானம் அவன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கூடத்தில் நின்றான்.

"கையெழுத்துப் போடலாமா?"

ஜிஸ்லேன் துவாலையை எடுத்து நீட்டினாள். குதித்துச் சந்தோஷப்படுவோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை. பயம்தான் முதலில் வந்தது. "எனக்காகவா?"

அவன் தலையைத் துவட்டியபடி யோசித்தான். "பாதி உனக்காக. மீதி என்னான்னு தெரியல. உக்காந்தா அங்க இருந்தவங்க எல்லாம் வந்து எதிர்ல நிக்கிறாங்க. பட்டாளத்து ஆபீஸ்ல விசாரிச்சேன், சண்டைக்குப் போக மாட்டேன்னு சொல்லியாச்சு. ஸ்டோர் வேலைதான், தூலோன் பக்கம். ரெண்டு வருஷம். அப்புறமும் உனக்குப் பத்தலன்னா, அப்ப பாக்கலாம்."

"பத்தலன்னா சொல்லுவேன்" என்றாள். "நீங்களும் சொல்லணும். மொதல்ல எங்கிட்ட."

"மொதல்ல உங்கிட்ட."

டிசம்பரில் கிளம்பினார்கள். வீடு லுயீஸ் பொறுப்பு. விமானத்தை ஜிஸ்லேன் அன்னக்கிளிக்குக் கொடுத்தாள், எஞ்சினோடு. எஞ்சினை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமே என்றான் தொமினிக். அது இல்லாமல் அன்னக்கிளி எதைப் பறக்கவிடுவாள் என்று ஜிஸ்லேன் கேட்டாள். சண்டை முடிந்து டப்பாவைத் திறக்க அனுமதி வந்ததும் முதல் நாளே ஏரிக்குப் போவேன் என்று அன்னக்கிளி சொன்னாள். ஸ்டேஷனுக்கு வந்தவள் அழவில்லை. புடவையில் விளக்கெண்ணெய் வாசம் வந்தது.

விழுப்புரத்தில் மெட்ராஸ் வண்டிக்கு மாறவேண்டும். வண்டி தாமதம் என்றார்கள். பெட்டிகளை ஒரு பெஞ்சருகில் அடுக்கிவிட்டுத் தொமினிக் உட்கார்ந்தான், எழுந்தான், பிளாட்பாரத்தில் நடக்கத் தொடங்கினான். கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு ஜிஸ்லேனும் போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கே போனதும் அந்த எடையில்லாத மரம் வாங்கவேண்டும் என்றாள் அவள். இறக்கை இன்னும் நீளமாக இருக்கலாம் என்றான் அவன். நீளம் கூடினால் உருளுவதில் மந்தம் வரும் என்று அவள் மறுத்தாள். அதைப்பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே பிளாட்பாரம் முடிந்து, சரிவு இறங்கி, சரளைக்கல்வரை போய்விட்டார்கள். பின்னால் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டபோது பெட்டிகள் வெகுதூரத்தில் இருந்தன. ஜிஸ்லேன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இருவரும் ஓடினார்கள்.